தம்பிக்கு ரத்தம் ஏற்றும் நாள்

எங்கள் வீட்டு நாட்காட்டியில் அம்மா வட்டமிட்டு வைத்த தேதிகள் எல்லாம் தம்பிக்கு ரத்தம் ஏற்றும் நாட்களே. அவனுக்கு தலசீமியா மேஜர், உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை ரத்த நோய். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்குப் போயாக வேண்டும். நாள் நெருங்க நெருங்க அவன் முகம் வெளுத்து, தோட்டத்து மேட்டில் ஏறவே மூச்சு வாங்கும். ரத்தம் ஏறிய மறுநாள் எனக்கு முன்னால் ஓடுவான்.

உயிர் காக்கும் அந்த ரத்தமே வேறொரு சுமையையும் தந்தது. ஒரு பை ரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மிகுதியை வெளியேற்ற உடலுக்கு வழியில்லாததால், அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிந்துவிடும். அதைக் கரைத்தெடுக்கும் மருந்தைச் சிறிய பம்ப் ஒன்று இரவில் 8 மணி நேரத்துக்கும் மேலாக அவன் வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்திக்கொண்டிருக்கும். ஊசி குத்தும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிற்பாடு மாத்திரை வந்து பம்ப் ஓய்ந்தபோது, அந்தச் சத்தமில்லாமல் எனக்குச் சில நாள் தூக்கமே வரவில்லை.

“நீயாவது நல்லா இருக்கியே கண்ணு” என்று உறவினர்கள் சொல்வார்கள். அதனாலேயே எனக்குக் காய்ச்சல் வந்தாலும் வாய் திறக்க மாட்டேன். நோயைக் குணமாக்கும் மாற்று சிகிச்சைக்கு என் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்துமா என்று பார்க்க என் ரத்தத்தையும் எடுத்தார்கள், பொருந்தவில்லை. உடன்பிறந்த ஒருவருக்குப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான் என்பதை அன்று யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால், அவனைக் காப்பாற்ற முடியாதவள் நான்தான் என்ற எண்ணத்தோடு பள்ளிப் பருவத்தைக் கழித்திருக்க மாட்டேன். நோயுற்ற பிள்ளைக்கு விளக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையையும் உட்காரவைத்து விளக்க வேண்டும் என்று பெற்றோரையும் மருத்துவர்களையும் மன்றாடிக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் இருவரும் தமக்கு நோய் இல்லாமலே இந்த மரபணுக் குறையைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயில்லாமல் பிறந்த பிள்ளையும் அதைத் தாங்கியிருக்கும் வாய்ப்போ மூன்றில் இரண்டு. “நல்லா இருக்கும்” எனக்கும் அது இருப்பதைக் கல்லூரி நாட்களில் செய்த ஹீமோகுளோபின் ஏ2 என்ற ரத்தப் பரிசோதனை காட்டியது. என் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், ஆனால் ஒரே குடும்பத்துக்குள் திருமணம் நடக்கும்போது ஒரே குறை இரு பக்கமும் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

அதனால், மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தபோது, அந்த மகனும் அதே பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்றேன். சம்பந்தம் பேசும் இடத்தில் நோயைப் பேசுவதா என்று அத்தைக்குப் பெரும் மனத்தாங்கல். இருந்தும் மாமா மகன் செய்துகொண்டார். அவருக்கும் அது இருந்தது. பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டோம். அத்தை வெகுநாள் எங்களோடு பேசவில்லை. இந்த ஆடியில், தன் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கும் முன், எந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று அவரே என்னை அழைத்துக் கேட்டார்.