டாக்டர் கேட்ட கேள்வி

"அப்போ சளியைக் கரைக்க மருந்து கொடுக்கிறது தப்பா மேடம்?" என்று கேட்டார் நுரையீரல் மருத்துவர். சளியின் முக்கியப் புரதமான மியூசின் இருந்தால் பாக்டீரியா ஒட்டுவது குறைகிறது என்ற எங்கள் ஆய்வக முடிவை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். "எங்க சோதனைத் தட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது டாக்டர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது சரிதான். ஆய்வகத்தின் 96 குழித் தட்டில், உடம்பின் திசுக்களில் உள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பூசி, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை விட்டால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேற்பரப்பில் ஃபைப்ரோனெக்டினைப் பிடிப்பதற்கென்றே புரதங்கள் உண்டு. மியூசின் சேர்த்ததும் ஒட்டுவது குறைந்தது. ஆனால் மியூசின் போய் மூடியது பாக்டீரியாவையா, ஃபைப்ரோனெக்டினையா? மியூசினில் ஊறவைத்துக் கழுவிய பாக்டீரியாவை ஊற்றுவது ஒரு சோதனை. தட்டில் மியூசினைப் பூசிவிட்டு ஊற்றுவது வேறு சோதனை. அந்த மியூசினும் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்து விற்கும் பொடி. தயாரிப்பிலேயே சிதைந்துபோய், உடம்பிலுள்ள சளிபோல ஜெல்லாக நிற்காது. இதையெல்லாம் மறைத்து "சளி காக்கும்" என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் அவர் கேட்டது தட்டைப் பற்றி இல்லையே. நல்ல மூச்சுக்குழாயில் ஃபைப்ரோனெக்டின் பெரும்பாலும் மேல் செல்களுக்கு அடியில்தான் இருக்கும். புண்ணான இடத்தில்தான் வெளியே தெரியும். அவருடைய நோயாளிகளுக்கு அந்த இடம்தான் பிரச்சினை. சளியைக் கரைக்கக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து மியூசின் மூலக்கூறுகளை இணைக்கும் கந்தகப் பிணைப்பை வெட்டுகிறது. நுரையீரலில் சளி கெட்டியாகிவிடும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில், நகராமல் தேங்கிய சளியிலேயே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. இன்னொரு பக்கம், மியூசினின் சர்க்கரைச் சங்கிலிகளே சூடோமோனாஸின் வீரியத்தைக் குறைக்கும் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் காத்தரினா ரிபெக்கின் குழு 2019இல் காட்டியிருக்கிறது. நகரும் சளி வேறு, தேங்கிய சளி வேறு என்றாவது சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியும்.

சொல்லியிருந்தால்? எங்கள் முடிவின் பெயரில் அது ஒரு மருந்துச் சீட்டுவரை போயிருக்கும். அதை நினைத்தால் வாயை மூடியதே நல்லது என்று படுகிறது. சரி, ஆனால் நான் சொல்லாததால் அவர் மருந்து எழுதாமல் இருக்கப் போகிறாரா? எழுதத்தான் போகிறார், எங்களிடமிருந்து எதுவும் தெரியாமலே. கவனமாகப் பேசினேனா, பொறுப்பிலிருந்து நழுவினேனா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சோதனையில் மியூசினை அசிட்டைல்சிஸ்டீனில் வைத்துவிட்டுத் தட்டில் விடலாம் என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். நோயாளிகளின் சளி மாதிரியும் கிடைத்தால் நன்றாக இருக்கும். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அப்புறம் அந்த டாக்டரின் ஒப்புதலும் வேண்டும். அவரிடம் இன்னும் பேசவில்லை.