ஸ்ட்ராபெர்ரியைக் கெடாமல் காப்பது

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னைப் பழக்கடைகளில் ஸ்ட்ராபெர்ரி டப்பாக்கள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடும். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி வட்டாரத்திலிருந்து வருபவை, சாலைவழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டே நம் கைக்கு வந்து சேருகின்றன. பறித்த பிறகு பழுக்கும் இயல்பு ஸ்ட்ராபெர்ரிக்குக் கிடையாது. மாம்பழத்தைப் போல இரண்டு நாள் வைத்திருந்தால் இனிப்பு ஏறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. செடியை விட்டுப் பிரிந்த நாள் முதல் அதற்கு இறங்குமுகம்தான். மிஞ்சியிருக்கும் சில நாட்களை வீணாக்காமல் காப்பாற்றுவது மட்டுமே நம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. டப்பாவின் மேலடுக்கில் எப்போதும் நல்ல பழங்களே இருக்கும் என்பதால், நான் டப்பாவைத் தூக்கி அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அடியில் செந்நிறச் சாறு கசிந்திருந்தாலும், பழங்களுக்குக் கீழே விரித்த தாள் ஈரமாக இருந்தாலும், அந்த டப்பாவை வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பெரிய தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பச்சைக் காம்பிலைகளுக்கு அடியில் துவரம்பருப்பு அளவில் நீர்கோத்த, பழுப்பேறிய ஒரு புள்ளி தெரிந்தால், பெரும்பாலும் மறுநாள் அங்கேதான் சாம்பல் நிறப் பஞ்சு படரும். நசுங்கிய பழத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம். பூசணம் பிடித்ததை முழுவதுமாகத் தூக்கியெறிய வேண்டும். மென்மையான பழங்களில் பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் பரவியிருக்கும் என்பதால், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை உண்பது சரியல்ல.

இந்தச் சாம்பல் பூசணத்துக்கு பொட்ரைட்டிஸ் என்று பெயர். பூவாக இருக்கும்போதே உள்ளே புகுந்து, காய் கனியும்வரை அடங்கிக் கிடந்து, பிறகு தலைகாட்டும் இயல்பு அதற்கு உண்டு. குளிர் அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ரொட்டியில் கறுப்பாகப் படரும் ரைசோபஸ் மற்றொரு பகைவன். பழத்தைக் குழைத்துச் சாறு ஒழுகச் செய்வது அதன் வேலை. ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது வளர்வதில்லை. ஆகவே ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் பழத்தை வைக்காதீர்கள். திறக்கும்போதெல்லாம் முதலில் சூடேறுவது அந்த இடம்தான். உள்ளே, பின்பக்கமாக, ஆனால் பழம் உறைந்துவிடாத இடத்தில் வைப்பது நல்லது.

குளிருக்கு அடுத்தது ஈரம். வாங்கி வந்தவுடன் கழுவி, நீர் சொட்டச் சொட்ட டப்பாவில் அடைப்பது பூசணத்துக்கு நாமே வழிவிடுவதாகும். இரண்டு நாட்களுக்குள் தீர்ந்துவிடும் என்றால் கழுவாமல் வைத்து, உண்ணும் முன் மட்டும் கழுவுவதே போதும் என்பது என் முடிவு. அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமென்றால், பலரும் பரிந்துரைக்கும் வினிகர் குளியல் உதவும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, காம்பைக் கிள்ளாமல் பழங்களைச் சில நிமிடங்கள் மட்டும் போட்டெடுத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டால் அந்தக் காயம் வழியே நீர் உள்ளே இறங்கும். வினிகர் தோலின் மேலுள்ள பூசண வித்துகளைக் குறைக்கும்; உள்ளே ஏற்கெனவே புகுந்ததை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த முறையில் பலர் அவசரப்பட்டுக் கோட்டைவிடுவது உலர்த்துவதில்தான். பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறியின் கீழ் வைத்து, இடையில் ஒருமுறை புரட்டி, காம்பிலைகளின் மடிப்பிலும் ஈரம் இல்லை என்று விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகே எடுத்துவைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாத நாளில் வினிகரைத் தொடாமலிருப்பதே மேல்.

உலர்ந்த பழங்களை அகலமான டப்பாவில் டிஷ்யூ தாள் விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியைச் சற்றே திறந்தாற்போல் வைக்கலாம். தாள் நனைந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், வெளியே எடுத்த குளிர்ந்த பழம் சில நிமிடங்களிலேயே வியர்த்துவிடும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, டப்பாவை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

ப்ளூபெர்ரிக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. அதன் மேல் வெண்மையாகப் படிந்திருப்பது இயற்கையான மெழுகு. அதைக் கழுவிப் போக்காமல் வைத்தாலே ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ராஸ்பெர்ரி உள்ளே குழிவாக இருப்பதால் நீரைத் தேக்கிக்கொள்ளும். அதை ஊறவைக்காமல் ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடுவது நல்லது.

தீராது என்று தெரிந்துவிட்டால், பழம் தளரும்வரை காத்திருக்காமல் நல்ல நிலையிலேயே உறையவைத்துவிட வேண்டும். கழுவி, உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லாக இறுகியபின் ஜிப் பைக்கு மாற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் பழத்தின் செல்சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகியபின் அது தொளதொளத்துப் போகும். அப்படியே கடித்துச் சாப்பிட உதவாது. ஜாமுக்கும் மில்க் ஷேக்குக்கும் அது ஒரு குறையே அல்ல. மில்க் ஷேக்குக்கு உருகவிடாமல் நேரே மிக்ஸியில் போடுங்கள்; தனியாக ஐஸ் கட்டி சேர்க்க வேண்டியதில்லை.