ஈகோஸ்போர்ட்: மூன்று எச்சரிக்கை விளக்குகள், ஒரே எர்த் போல்ட்

என் ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் கோளாறைக் கடைசியில் பிடித்துவிட்டேன். மழை நாள் மாலையில் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் போதும். ஸ்டீயரிங் விளக்கு எரியும், கூடவே ஏபிஎஸ் விளக்கு வரும், மீட்டரில், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் இப்போது இல்லை என்று எழுத்து ஓடும். ஸ்டீயரிங் ஒரு நொடி கல்லாக இறுகும், உடனே பழையபடி ஆகிவிடும். வண்டியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் எல்லா விளக்கும் போயிருக்கும். வெயில் நாளில் எவ்வளவு ஓட்டினாலும் வராது. 1.5 டீசல் ஈகோஸ்போர்ட், இரண்டாவது கையாக வாங்கியது.

முதலில் காட்டிய ஒரு கராஜில், "செல்ஃப் கணீர்னு அடிக்குது சார், பேட்டரி, எர்த் எல்லாம் பக்கா. ஏபிஎஸ் யூனிட்தான் போயிருக்கு" என்றார்கள். யூனிட் விலையைக் கேட்டதும் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாக அடிப்பதால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு, நன்றாக இருக்கிறது என்ற அந்த முடிவு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கேதான் விஷயமே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபோர்ஸ்கேன் பற்றி ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வண்டியின் மாட்யூல்களை, அதாவது இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டீயரிங் போன்றவற்றின் சின்னக் கம்ப்யூட்டர்களை, லேப்டாப்பில் படிக்கவும் அவற்றின் செட்டிங்கை மாற்றி எழுதவும் உதவும் மென்பொருள் அது. வண்டியையும் லேப்டாப்பையும் இணைக்கும் அடாப்டர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நம் வண்டிகளில், அந்த அடாப்டரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களில் வேகமான கேன் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கம்பி ஜோடி) ஓடுகிறது, 500 கேபிபிஎஸ். 3, 11 பின்களில் இன்னொரு கேன், 125 கேபிபிஎஸ். விலை குறைந்த இஎல்எம்327 அடாப்டர் குளோன்களில் பெரும்பாலானவை முதல் ஜோடியை மட்டுமே பார்க்கும். அதை வைத்து இன்ஜின் கோடு (பிழைக் குறியீடு) படிக்கலாம், ஆடியோ, ஏசி பக்கம் போக முடியாது. இரண்டுக்கும் தானாக மாறிக்கொள்ளும் யுஎஸ்பி அடாப்டரை வாங்குங்கள். ப்ளூடூத்தில் படிப்பது சரி, எழுதுவதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். பாதியில் இணைப்பு அறுந்தால் மாட்யூல் என்ன நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, கோடுகள். எதையும் அழிக்காமல் முழு ஸ்கேனையும் ஃபைலாகச் சேமித்தேன். கோடை அழித்துவிட்டு "திரும்ப வருதா பார்ப்போம்" என்பவர்கள், கையிலிருக்கும் ஒரே சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங் மாட்யூலில் யு3003:16. ஏபிஎஸ் மாட்யூலிலும் அதே யு3003:16. பிறகு ஏபிஎஸ்ஸோடு தொடர்பு அறுந்தது என்று இன்ஜின் மாட்யூலில் யு0121. பலரும் அந்த யு0121-ஐப் பார்த்துத்தான் ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றப் போகிறார்கள். கோலனுக்குப் பின்னால் இருக்கும் 16 என்ற எண்ணைப் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போனது என்பது அதன் பொருள். ஆக, இரண்டு மாட்யூல்கள் தனித்தனியாக ஒரே புகாரைச் சொல்கின்றன: எனக்குக் கரண்ட் போதவில்லை. மூன்றாவது மாட்யூல், பக்கத்து வீட்டுக்காரன் பதில் பேசவில்லை என்கிறது. யூனிட் கெட்டிருந்தால் ஸ்டீயரிங் மாட்யூல் ஏன் அதே கோடைப் போட வேண்டும்?

பேட்டரியைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. டீசலுக்கு அது நல்ல கணக்கு. ஆல்டர்னேட்டரும் சரியாகவே சார்ஜ் செய்தது.

இனிதான் நான் நிறைய நேரம் செலவழித்த இடம், வோல்டேஜ் டிராப் அளப்பது, அதாவது கரண்ட் ஓடும்போது வயரிலும் இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் எர்த் நல்லது, கெட்டது என்று சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். மல்டிமீட்டரை ஓமில் வைத்து எர்த் வயரின் இரு முனைகளையும் தொட்டு, பீப் சத்தம் வந்ததும் "நல்லா இருக்கு" என்பது எதற்கும் உதவாது. மீட்டர் வயர்களுக்கே 0.2 ஓம் இருக்கும். நாம் தேடும் கோளாறோ 0.015 ஓம். அதை மீட்டரால் பார்க்கவே முடியாது. ஆனால் அதே 0.015 ஓம் வழியாக 60 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் அங்கேயே தின்றுபோகும். அதை எந்த மீட்டரும் தெளிவாகக் காட்டும். அதனால் லோடு (கரண்ட் இழுக்கும் சாதனங்கள்) ஓடும்போதுதான் அளக்க வேண்டும், ஓமில் இல்லாமல் டிசி வோல்ட்டில்.

ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில். கவனியுங்கள், கிளாம்ப் மேல் இல்லை, ஈயப் போஸ்ட்டின் நடுவில் அழுத்த வேண்டும். கிளாம்ப் மேல் வைத்தால் போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் இடையிலான டிராப் கணக்கில் வராமல் போகும். மறு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில். மீட்டரில், மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்துவைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) பட்டனை அழுத்திவிட்டு, வீட்டில் ஒருவரை உட்கார வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.12 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆகவே இன்ஜின் எர்த் அருமையாக இருக்கிறது. கராஜில் சொன்னது இந்தப் பாதிக்கு முழு உண்மை.

ஆனால் என் வண்டியில் நெகட்டிவிலிருந்து இரண்டு பாதைகள் போகின்றன. ஒன்று கியர்பாக்ஸுக்கு, இன்னொன்று பாடிக்கு. செல்ஃப் மோட்டாரின் கரண்ட் முழுவதும் கியர்பாக்ஸ் பாதையில் திரும்பிவிடுகிறது. ஸ்டீயரிங் மோட்டார், ஏபிஎஸ், புளோயர், ஹெட்லைட், பின் கண்ணாடியின் பனியை நீக்கும் டிமிஸ்டர் எல்லாம் பாடி வழியாகத் திரும்புகின்றன. செல்ஃப் எவ்வளவு கணீரென்று அடித்தாலும் பாடி எர்த்தைப் பற்றி அது ஒரு தகவலும் தராது. மழை நாளில் மட்டும் வருவதற்கும் இதுதான் காரணம். அன்றைக்குத்தான் ஹெட்லைட், புளோயர், டிமிஸ்டர், வைப்பர் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன, அதற்கு மேல் ஸ்டீயரிங் மோட்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, இதையெல்லாம் ஆன் செய்து, நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் பாடிக்கும் இடையே அளந்தேன். நிலையாக 0.9 வோல்ட். இருக்கவேண்டியது 0.1 அளவு. அப்புறம் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கச் சொன்னேன். மேக்ஸில் 3.8 நின்றது! அந்த நேரத்தில் பேட்டரி முனையில் 13.6 இருந்தாலும் பாடியில் எர்த் ஆன மாட்யூலுக்குக் கிடைப்பது 9.8தான். ஃபோர்ஸ்கேனில் ஏபிஎஸ்ஸின் சப்ளை வோல்டேஜை கிராஃபாக ஓடவிட்டுப் பார்த்தபோது அதே நொடியில் அதே பள்ளம் விழுந்தது. மீட்டரும் மாட்யூலும் ஒரே கதையைச் சொன்ன அந்தக் கணம் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்த பிறகுதான் பாடி போல்ட் கண்ணில் பட்டது. வண்டியில் எப்போதோ ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்திருக்கிறது. அதை மாட்டியவர் அதன் எர்த் லக்கை (வயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்) அசல் லக்குக்கும் பாடிக்கும் நடுவே செருகி போல்ட்டை முறுக்கியிருக்கிறார். ஆம்ப் போய்விட்டது, லக்கும் ஒரு சாண் வயரும் மட்டும் அப்படியே இருந்தன. வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம், செம்பு பூசிய அலுமினியம். அலுமினியமும் செம்பும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அரிப்பு நிச்சயம். லக்கின் அடியில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, ஓரத்தில் பச்சை. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் இறுக்கியது பொடியின் மேல். கீழே பாடியில் லக்கின் வட்டம் கறுப்பாகப் பதிந்திருந்தது, அதில் ஒரு பிறை அளவு மட்டும் பளபளத்தது. இவ்வளவு நாளும் மொத்த பாடி கரண்டும் அந்தப் பிறை வழியாகத்தான் போயிருக்கிறது.

அந்த லக்கைத் தூக்கிப் போட்டேன். உப்புத்தாளால் பாடியை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, அசல் லக்கின் இரு பக்கமும் சுத்தம் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கினேன். பெட்ரோலியம் ஜெல்லியை முறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டும், இடையில் அல்ல. பேட்டரியை மாட்டியதும் டிரைவர் கண்ணாடியின் ஒன் டச் வேலை செய்யாது, பயப்படாதீர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும். மறுபடி அதே லோடில் அளந்தேன், 0.04. ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் 0.1-ஐத் தாண்டவில்லை. அதன் பிறகு அடை மழையிலும் ஓட்டியாகிவிட்டது, ஒரு விளக்கும் வரவில்லை.

ஒரு விஷயம் இங்கேயே. மறைமலை நகரில் 2022-ல் ஈகோஸ்போர்ட் தயாரிப்பு நின்றது, அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். இந்த வண்டிகளை இன்னும் பல வருஷம் ஓட்டப் போகிற நமக்கு, நல்ல நிலையில் இருக்கும் யூனிட்டைக் கழற்றி வேறு யூனிட் தேடி அலைவது கட்டுப்படியாகாது. சென்னையில் இருப்பவர்களுக்கு, வயரோடு சேர்ந்த அசல் கப்ளர் (கனெக்டர்) வேண்டுமானால் புதுப்பேட்டை. மீட்டருக்கு ஊசி முனை புரோப், அலிகேட்டர் கிளிப் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட். ஊசி முனை புரோப் இல்லாமல் மேலே சொன்ன அளவீட்டைச் செய்யாதீர்கள், தடித்த முனை வழுக்கி வழுக்கி எண்ணே நிற்காது. லக் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு லக் என்று கேட்டு வாங்குங்கள், கையில் வைத்தாலே கனம் தெரியும்.

வோல்டேஜ் நிலையானதும்தான் நான் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட பாடி மாட்யூல் (கதவுப் பூட்டு, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் மாட்யூல்) செட்டிங்குகளுக்குப் போனேன். சப்ளை ஆடும் வண்டியில் மாட்யூலில் எழுதுவது தற்கொலை. இப்போதும் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டு, லேப்டாப்பைத் தூங்கப் போகாதபடி வைத்துவிட்டுத்தான் எழுதினேன். முதல் வேலை, எல்லா மாட்யூல்களின் அசல் பதிவையும் சேமித்து பென் டிரைவில் ஒரு நகல்.

ஃபோர்ஸ்கேனில் பெயர் போட்ட பட்டியலில் இருப்பதை மாற்றுவது எளிது. ஓட ஆரம்பித்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொள்வதை அப்படித்தான் ஆன் செய்தேன். ஆஸ்-பில்ட் வரிசைகளில், அதாவது மாட்யூலின் செட்டிங் வெறும் எண்களாக இருக்கும் வரிகளில், கை வைக்கும்போது கடைசி இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புத் தொகை என்பது நினைவிருக்கட்டும். மாட்யூல் முகவரி, பிளாக், வரி, தரவு எல்லாவற்றையும் ஹெக்ஸ் எண்ணில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட கணக்கு) கூட்டி, கடைசி பைட்டை எடுத்தால் அதுதான். எடுத்துக்காட்டுக்கு, 726-01-02 என்ற வரியில் தரவு 10 20 04 01 00 என்று வைத்துக்கொள்வோம். 726-ஐ 07, 26 என்று பிரித்து, 07, 26, 01, 02 கூட்டினால் ஹெக்ஸில் 30. தரவைக் கூட்டினால் 35. தொகை 65. 04-ஐ 05 ஆக்கினால் தொகை 66 ஆக வேண்டும். ஃபோர்ஸ்கேன் இதைத் தானே போட்டுவிடும், ஆனாலும் நான் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதும் பட்டனைத் தொடுவேன். கை தவறி வேறு இலக்கம் மாறியிருந்தால் தொகையில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், எழுதியதும் கீயை அணைத்து ஆன் செய்து, திரும்பப் படித்து, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே அடுத்தது.

வண்டியை நிறுத்திய பின் ஹெட்லைட் எரியும் நேரத்தை இன்னும் தொடவில்லை. அதற்கு முன்னால் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். டாட் 4 வாங்கி வைத்தாகிவிட்டது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் பழைய ஆயிலை ஃபோர்ஸ்கேனின் ஏபிஎஸ் பிளீட் வசதியால் பம்பை ஓடவிட்டு வெளியேற்றிப் பார்க்கப் போகிறேன். கூடவே பாடி எர்த்துக்கு இணையாக 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் ஒன்றைப் போடும் எண்ணமும் இருக்கிறது. கேபிள் பாரிமுனைப் பக்கம் வெட்டித் தருகிறார்கள், அந்த அளவு லக்கை அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர்தான் இன்னும் கைக்கு வரவில்லை. வந்ததும் கேபிளுக்கு முன், பின் என்று இரண்டு அளவீடும் எடுத்துப் போடுகிறேன்.