அடுப்பு என்ன, மருந்து அடிப்பது யார்?

பெரம்பலூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். கர்ப்பம் என்று பதிவு செய்ததுமே எடை, பிரஷர், எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு), சர்க்கரை எல்லாம் அட்டையில் ஏறிவிடும். வீட்டில் எந்த அடுப்பு, வயலில் மருந்து அடிப்பது யார் என்பதை மட்டும் நானாகக் கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

"கேஸ் இருக்கா?" என்றால் ஏறக்குறைய எல்லோரும் இருக்கிறது என்பார்கள். "நேத்து சோறு எதுல வடிச்சீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். டீ கேஸில், சோறும் வெந்நீரும் விறகில். சிலிண்டர் விற்கிற விலைக்குக் குறை சொல்லவும் வாய் வராது.

விறகுப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடியையும் தாண்டும். எச்.பி. 9 மட்டுமே உள்ள, ரத்தசோகைப் பெண்ணுக்கு ஆக்சிஜன் சுமக்கவே ஆள் பற்றாது; இருப்பதிலும் ஒரு பங்கு புகைக்குப் போனால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? "இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா போடுறியா?" என்று மட்டும் அதட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

அதற்காக, அடுப்பை மாற்றினால் குழந்தை எடை கூடிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு இடங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹாப்பின் ஆய்வில், பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுப்பு வந்ததே கர்ப்பம் உறுதியான பிறகுதான். அதுவரை அவள் இழுத்த புகை எத்தனை வருஷத்துப் புகை! அது எப்படியோ போகட்டும், கண் எரிச்சல் இல்லாமல் சமைப்பதே போதிய காரணம் என்பது என் கட்சி.

பூச்சிமருந்து இன்னும் சிக்கல். ஏழாம் மாசக்காரி ஒருத்தி, புருஷன் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வந்த கைலியை வெறுங்கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். அதே வாளியில் பெரிய பிள்ளையின் சட்டையும் ஊறியது. "மருந்து அடிச்சது அவருதானே நர்சம்மா?" என்றாள். பல மருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்றேன். புருஷன் குறுக்கிட்டு, "தண்ணியில அலசினா போயிடுங்க" என்றார். "அப்ப நீங்களே அலசுங்க தம்பி" என்றேன். அடுத்த தடவை போனபோது, மகன் துணி துவைக்கிறான் என்று மாமியார் என்னிடம் புகார் வைத்தார்.

களையெடுப்புதான் என் கைக்கு அடங்காதது. மருந்து அடித்த காட்டில் இறங்காதே என்று கர்ப்பிணியிடம் சொல்வது சுலபம். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் தவணையாகத்தான் வரும். களைக்கூலி அன்றைக்கே கைக்கு வரும். அதனால் இப்போது காட்டுக்காரரிடமே போய், எப்போது அடித்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் சில நாள் தள்ளி அவளைக் கூப்பிடுகிறார்கள். சிலர், "நானா அவளை வரச் சொன்னேன்?" என்கிறார்கள்.