"உங்கட அம்மாவின்ர வீடு எண்டால்?"

"பிள்ளை, இது உங்கட அம்மாவின்ர வீடு எண்டால் செய்விப்பீங்களோ?"

"ஓம் அன்ரி, கட்டாயம்."

பேச்சு இவ்வளவுதான். 2023 ஜனவரி, லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டுக் குசினி. மேசையில், சூடு வெளியே போகாமல் வெளிச்சுவருக்கு இன்சுலேசன் போடுவதற்குக் கையெழுத்து வைக்கவேண்டிய தாள்கள், பக்கத்தில் ஆறிப்போன பிளேன் ரீ. 'ஓம்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'எனக்குத் தெரிஞ்ச அளவில் நல்லது' என்று சொல்லியிருக்கலாம். 'கட்டாயம்' என்ற சொல்லை நான் ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எனர்ஜி பில் கட்டக் கஷ்டப்படுபவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அன்ரி என்னிடம் வந்தது சுவருக்காக இல்லை, பில்லுக்காக. அந்தக் குளிர்காலத்தில் எல்லாரும் அதற்காகத்தான் வந்தார்கள். 2021 ஒக்ரோபரில் ஒரு சாதாரண வீட்டின் காஸ், கரண்ட் செலவுக்கு, எனர்ஜி கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒப்ஜெம் வைத்த வரம்பு வருடத்துக்கு 1,277 பவுண்ட். அடுத்த ஒக்ரோபரில் அரசாங்கம் தலையிட்டுத் தடுத்துப் பிடித்த பிறகும் அது 2,500. அன்ரி ஹீற்றிங்கை நிறுத்திவிட்டு, மேல்மாடிப் பின்னறை ஒன்றில் எண்ணெய் ஹீற்றரோடு இருந்தார். குசினியில் என் வெப்பமானி 13 டிகிரி காட்டியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 18. "பழகிப்போச்சு பிள்ளை" என்றார். பழகிவிட்டது என்று சொல்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயம்.

வீடு வரிசையின் கடைசி. பக்கச்சுவர் முழுவதும் வெளியே நிற்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி இல்லாத பழைய சுவர். எனர்ஜி சேர்டிபிக்கேற்றில் ஈ தரம் (ஏ மிக நல்லது, ஜீ மிக மோசம்). அன்ரிக்கு, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்சன் கிரெடிற் வருகிறது. வருமானம் குறைந்தவர்களின் குளிர் வீடுகளைத் திருத்தும் ஈசிஓ4 திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. வெளிச்சுவரில் இன்சுலேசன் பலகை ஒட்டி மேலே பூச்சுப் பூசுவார்கள், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. அன்ரி நம்பவில்லை.

"சும்மா தாறம் எண்டு வாறவங்களை நம்பேலாது."

சும்மா இல்லை என்று விளக்கினேன். பெரிய எனர்ஜி கம்பனிகள் இதைச் செய்தே ஆகவேண்டும் என்பது அரசாங்கத்தின் கட்டளை, அந்தச் செலவை அவர்கள் எல்லாருடைய பில்லிலும் சேர்க்கிறார்கள், இவ்வளவு காலமும் நீங்கள் கட்டின காசும் அதில் இருக்கிறது என்றேன். கனடாவில் இருக்கும் மகனோடு போனில் கதைத்தார். "அந்த அக்கா சொன்னால் செய்யுங்கோ அம்மா" என்று மகன் சொன்னது எனக்கும் கேட்டது. என்னை அவர் கண்டதே இல்லை. நான் தமிழில் கதைத்தேன், அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அன்ரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கொள்கையை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். குளிரில் வாடும் வீடுகளை இல்லாமல் செய்யவேண்டும் என்று 2000இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். முதியவர்கள், குழந்தைகள், நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு 2010, மற்ற எல்லாருக்கும் 2016 என்று கெடு வைத்தார்கள். இரண்டும் போய்விட்டன. 2013இலும் 2021இலும் இங்கிலாந்தில் யாரை எரிபொருள் ஏழை என்று எண்ணுவது என்ற வரையறையே மாறியது. இப்போதைய வரையறைப்படி வீடு சீ தரத்தில் இருந்தால், உள்ளே இருப்பவர் எவ்வளவு நடுங்கினாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். இப்படி எண்ணிக்கொண்டிருப்பதை விட ஒரு சுவரையாவது மூடுவது பெரிய காரியம் என்றே நினைத்தேன். அன்ரியிடமும் சொன்னேன்: "பில்லில தாற 150 பவுண்ட் கழிவு இந்தக் குளிரோட போயிடும் அன்ரி. சுவர் நிக்கும்."

சுவர் நிற்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எனக்குக் கொமிசன் ஏதும் இல்லை. ஆனால் எங்கள் மாத அறிக்கையில் 'திட்டத்துக்கு அனுப்பிய வீடுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த மாதம் அது குறைவாக இருந்தது. குசினியில் இருந்தபோது நான் அதை நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, சரி, ஒன்று கூடியது என்று மனதில் ஓடியது. அது நன்றாக நினைவிருக்கிறது.

வேலை அந்த வருடம் ஒக்ரோபரில் நடந்தது. பொறுப்பெடுத்த கம்பனி இன்னொருவரிடம் கொடுத்து, அவர் வேறு ஆட்களை அனுப்பியிருந்தார். முடிந்த பிறகு ஒருநாள் அந்த வழியால் போனபோது பார்த்தேன். வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். சுவரின் மேல் விளிம்பை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன பார்க்கவேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

முதல் குளிர்காலம் நல்லாகப் போனது. பில் குறைந்தது. அன்ரி கீழே இறங்கி முன்னறையில் இருந்து ரீவி பார்த்தார். 2024 நவம்பரில் போன் வந்தது.

"பிள்ளை, சுவர் வேர்க்குது."

அதற்கு நான் சொன்ன பதிலும் என்னை விடவில்லை. உடுப்பை உள்ளே காயப்போடாதேங்கோ, சமைக்கும்போது சட்டியை மூடுங்கோ, காலையில் கொஞ்சநேரம் யன்னலைத் திறவுங்கோ என்று துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தேன். ரொச்டேலில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்து 2020 டிசம்பரில் இறந்தான். அந்தக் குடும்பத்திடமும் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் சுவரைப் பார்க்காமல் அவர்களுடைய பழக்கவழக்கத்தைத்தான் குறை சொன்னார்கள். அந்த மரண விசாரணையின் முடிவு வந்தது 2022 நவம்பரில். வாசித்துக் கொதித்துப்போயிருந்தேன். இருந்தும் அன்ரி போன் எடுத்தபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது சட்டி மூடி.

அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. "சரி பிள்ளை" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் போனேன். அலுமாரியை இழுத்துப் பார்த்தால், பின்னால் நிலத்திலிருந்து முழங்கை உயரத்துக்குக் கறுப்பு. கட்டட வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டார். மேலே பலகை முடியும் இடத்தில் சரியான மூடி இல்லை, பீலியிலிருந்து வழியும் தண்ணீர் நேராகப் பலகைக்குப் பின்னால் இறங்குகிறது. சுவர் தடித்த அளவுக்கு யன்னல் படியை நீட்டவில்லை. எல்லாவற்றையும் விட, தரைக்குக் கீழே காற்றுப் போகும் ஓட்டைக் கற்களைப் பலகையால் மூடிவிட்டார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. 25 வருட உத்தரவாதப் பத்திரம் அன்ரியின் மேசை லாச்சியில் பத்திரமாக இருந்தது. அதில் இருந்த கம்பனியின் போன் நம்பரை எடுத்தால் ஒருவரும் இல்லை.

2025 ஜனவரியில், இந்த வேலை செய்த 39 நிறுவனங்கள் நிறுத்திவைக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. ஒக்ரோபரில் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தது: இந்தத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேசன் போட்ட வீடுகளில் 98 வீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள். உண்மையைச் சொன்னால், அதை வாசித்தபோது எனக்கு முதலில் ஒரு ஆறுதல்தான் வந்தது. 98 வீதம் என்றால் என் இடத்தில் யார் இருந்தாலும் இதுதானே நடந்திருக்கும். அன்றிரவு நித்திரை வரவில்லை. 98 வீதம் என்றால், நான் 'கட்டாயம்' என்று சொன்ன நேரத்தில் அந்த வீடு தப்புவதற்கு நூற்றில் இரண்டு வழிதான் இருந்திருக்கிறது.

தெரியாமல் சொன்னேன் என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மை இல்லை. பிரெஸ்டனில் ஃபிஷ்விக் என்ற இடத்தில் 2013இல் இதே மாதிரி 300க்கு மேற்பட்ட வீடுகளுக்கு முந்திய ஒரு திட்டத்தில் போட்டு, மழைத்தண்ணீர் இறங்கி நாசமாகியது. எங்கள் பயிற்சியில் அதைச் சொல்லித்தந்தார்கள். அதற்குப் பிறகு விசாரணை நடந்தது, புதிய தர விதிகள் வந்தன, ட்ரஸ்ட்மார்க் என்ற தர முத்திரை கட்டாயமாகியது, இப்போது அப்படி நடக்காது என்றும் சொன்னார்கள். நான் அந்த இரண்டாம் பகுதியை மட்டும் அன்ரியிடம் கொண்டுபோனேன். ஃபிஷ்விக் என்று வாயெடுத்திருந்தால் அன்ரி கையெழுத்து வைத்திருக்கமாட்டார். 13 டிகிரியிலேயே இருந்திருப்பார். அது இதைவிட நல்லதா? ஒரு நாள் ஆம் என்று படும், அடுத்த நாள் இல்லை என்று படும். அன்ரியைக் கேட்டால், "சூடு இருக்குது பிள்ளை, அது பொய்யில்லை" என்கிறார்.

என் அம்மா இருப்பது வாடகை ஃபிளாற். வெளிச்சுவரைப் பற்றி அங்கே எங்களை ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆக, இல்லாத ஒரு வீட்டைப் பற்றித்தான் நான் பதில் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு வீடு இருந்திருந்தால் செய்வித்திருப்பேனா என்று கேட்டால், செய்வித்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாரம் கட்டிய நாளிலிருந்து லீவு எடுத்துப்போய் அங்கே நின்றிருப்பேன். ஓட்டைக்கல் எங்கே, பீலி எங்கே என்று தொணதொணத்துக் கேட்டிருப்பேன். முடிந்த பிறகு கட்டட வேலை தெரிந்த அந்த ஆளை ஏணியில் ஏற்றியிருப்பேன். அன்ரிக்குச் சொன்ன 'கட்டாயம்' இதெல்லாம் இல்லாத கட்டாயம்.

மேலாளர் நல்லவர். "நாங்கள் சேர்வேயர்கள் இல்லை, எல்லா வீட்டுக்கும் போய் நிற்கமுடியாது" என்றார். சரிதான். நான் அனுப்பிய வீடுகள் பட்டியலில் இன்னும் 31 இருக்கின்றன. அதில் வெளிச்சுவர் போட்டவை ஒன்பது. எட்டுப் பேருக்கு இதுவரை போன் பண்ணிவிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை.

2025 முடிவில் அன்ரிக்குக் கடிதம் வந்தது, இலவசமாக வந்து சுவரைப் பரிசோதிப்பார்களாம். ஆங்கிலக் கடிதம், அதனால் எனக்குப் போன்.

"வரச் சொல்லட்டோ பிள்ளை?"

இந்த முறை அம்மாவின் வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் ஓம் என்றேன், எந்த நாள் என்று கேட்டேன். வியாழக்கிழமை. நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்கள் ஏன் பிள்ளை? வேலை இல்லையோ?"

பரிசோதிக்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஏணி வைத்து ஏறினார், படங்கள் எடுத்தார், அறிக்கை வரும் என்று சொல்லிப் போனார். ஓட்டைக் கற்கள் இருந்த இடத்தை நான்தான் காட்டிக்கொடுத்தேன். அறிக்கை இன்னும் வரவில்லை. அலுமாரி அறையின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் அன்ரி கட்டிலுக்குப் போகிறார்.