தலைநகரின் பெயர் தாங்கி வரும் எஃப்ஐஆர்கள்

டெல்லியில் எனக்கு ஒரு செய்தி அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை. குற்றச் செய்தி எழுதுபவர்கள் கேட்கும் எஃப்ஐஆர்களை, அதாவது புகார் வந்ததும் காவல் நிலையம் பதியும் முதல் தகவல் அறிக்கைகளை, தேடி எடுத்து, படித்து, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், எஃப்ஐஆர் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்), பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த உத்தரவு இல்லையென்றால் என் வேலையே இல்லை என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் எஃப்ஐஆரைத் திறந்ததும் மேலே இருக்கும் மாவட்டம், காவல் நிலையம் என்ற வரியைத்தான் பார்ப்பார்கள். ‘புதுடெல்லி’ என்று இருந்தால் தலைநகரில் குற்றம் என்று எழுதி விடுவார்கள். அது பதிவு செய்த இடம், அவ்வளவுதான். நான் முதலில் போவது எஃப்ஐஆர் படிவத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு. சம்பவ இடம் காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எந்த பீட் (ரோந்துப் பகுதி), முகவரி என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். அதற்குக் கீழே, இடம் இந்தக் காவல் நிலைய எல்லைக்கு வெளியே என்றால் எந்த நிலையம், எந்த மாவட்டம் என்று எழுத ஒரு சின்ன உட்பிரிவு. பாதி ஆவணங்களின் உண்மையான ஊர் அந்தச் சின்ன வரியில்தான் கிடைக்கும். அப்புறம் எட்டாம் கட்டம், புகார் தர ஏன் தாமதம் என்பது. வேறு ஊரில் நடந்ததை ஒருவர் டெல்லிக்கு வந்து ஏன் சொன்னார் என்பதற்கான விடை பல நேரம் அங்கே இருக்கும்.

சிபிஐ ஆவணங்களில் இது இன்னும் சிக்கல். சிபிஐக்கு அதிகாரம் தருவதே 1946-ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம். நாடு முழுக்க வழக்கு விசாரிக்கும் அமைப்பின் சட்டப் பெயரிலேயே டெல்லி இருக்கிறது. தலைமையகமும் பல சிறப்புப் பிரிவுகளும் இங்கேதான். அதனால் வேறு மாநிலத்தில் ஒரு வங்கிக் கிளையில் நடந்த கடன் மோசடிகூட புதுடெல்லியில் பதிவாகலாம். சம்பவ இடம் என்ற கட்டத்தில் நாலைந்து நகரங்களின் பெயர் வரிசையாக இருக்கும், கடைசியில் ‘மற்றும் பிற இடங்கள்’ என்று முடியும். இதைத் தலைநகரின் குற்றம் என்று எண்ணுவது இந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். பணத்தை இழந்தவர்களின் ஊர் செய்தியிலிருந்தே காணாமல் போகிறது என்பது அதைவிடப் பெரிய அநியாயம். அந்த ஊர்ப் பெயரைத் தலைப்பில் கொண்டுவர ஆசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

புதுடெல்லி காவல் மாவட்டத்துக்கென்று வேறொரு முகமும் இருக்கிறது. நாடாளுமன்றம், தூதரகங்கள், அமைச்சர் பங்களாக்கள் எல்லாம் இங்கே. வசிப்பவர்கள் குறைவு, வந்து போகிறவர்கள் அதிகம். நாடு முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் போராட்டம் நடத்தும் ஜந்தர் மந்தர், பார்லிமென்ட் ஸ்ட்ரீட் காவல் நிலைய எல்லையில் வருகிறது. கூட்டம் கூடுவதற்கான தடை உத்தரவை மீறியதாக அங்கே பதிவாகும் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் முகவரிகளைப் பார்த்தால் பல நேரம் ஒன்றுகூட டெல்லியாக இருக்காது. தெலங்கானா, ஒடிசா, பஞ்சாப் என்று போகும். சம்பளம் கேட்டோ நிலம் கேட்டோ ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். எண்ணிக்கையில் சேரும்போது மட்டும் தலைநகரக் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வரும் வாரம்தான் எங்களுக்கு நெருக்கடியான காலம். டெல்லியில் ஆள் கடத்தல் இவ்வளவா என்று எல்லாரும் கேட்பார்கள். சரி, அந்த எண் எப்படி வருகிறது? காணாமல் போகும் ஒவ்வொரு குழந்தை பற்றிய புகாரையும் கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோ கருதி எஃப்ஐஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டில் கோபித்துக்கொண்டு போன பதினாறு வயதுப் பெண்ணும், நிஜமாகவே தூக்கிச் செல்லப்பட்ட நான்கு வயதுக் குழந்தையும் ஒரே தலைப்பில் வருவது இதனால்தான். எண் பெரிதாகத் தெரிகிறதே என்று இந்த நடைமுறையைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பிய காலத்தில் எண் சிறிதாக இருந்தது, குழந்தைகள் கிடைக்கவில்லை.

வாகனத் திருட்டும் இப்படித்தான். 2015 முதல் டெல்லியில் அதற்கு இணையத்திலேயே புகார் பதியலாம். காப்பீட்டுக்கு எஃப்ஐஆர் கட்டாயம், பதிவதும் சுலபம் என்றால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். கணக்குக்கு இன்னொரு விதியும் உண்டு: ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டுமே காப்பகம் எண்ணும். கொலையோடு சேர்ந்து நடந்த திருட்டு, திருட்டுப் பட்டியலில் வராது. இதையும் ஒவ்வோர் ஆண்டும் விளக்கிக் குறிப்பு அனுப்புகிறேன்.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. எஃப்ஐஆர் எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கிறது, விசாரணை முடிந்து போலீஸ் நீதிமன்றத்தில் தரும் குற்றப்பத்திரிகை திறந்திருக்கவில்லை. அதை இணையத்தில் வெளியிடத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விசாரணையில் யார் பெயர் நீக்கப்பட்டது, எந்தப் பிரிவு கைவிடப்பட்டது என்பது வெளியே தெரிவதில்லை. முதல் நாள் குற்றச்சாட்டு மட்டும் இணையத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் பெயர் வந்த யாரைப் பற்றிக் கேட்டாலும், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தேடும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், ஆண்டு மூன்றையும் போட்டு, புதுடெல்லி மாவட்ட வழக்குகள் நடக்கும் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்ற உத்தரவுகள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குறிப்பு தருகிறேன். ஜாமீன் உத்தரவில் சில நேரம் விசாரணையின் போக்கு இரண்டு பத்தியில் வந்திருக்கும். விடுதலை என்று இருந்தால் அதை முதல் வரியில் எழுதுகிறேன், எஃப்ஐஆர் எண்ணுக்கும் மேலே.