லைன் டிரைவா, ஃப்ளை பாலா? பேஸ்பால் அடிகளை வகைபிரித்துப் பார்த்த குறிப்புகள்

பேஸ்பாலில் மட்டையில் பட்டுக் களத்துக்குள் போகும் பந்துக்கு நான்கு பெயர்கள். தரையில் குத்தி உருண்டால் கிரவுண்ட் பால். உயரப் போனால் ஃப்ளை பால். செங்குத்தாக ஏறி உள்களத்திலேயே விழுந்தால் பாப் அப். தாழ்வாக, நேராக, விரைந்து போனால் லைன் டிரைவ். தொலைக்காட்சியில் பார்க்கும்போது இதில் குழப்பமே தெரியாது. பந்து கிளம்பும் கோணத்தையும் வேகத்தையும் கொடுத்தால் இந்த நான்கில் எது என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்று எழுதலாம் என்றுதான் இறங்கினேன். அது இப்போது என் ஓய்வு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வகை ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2001-ல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன், களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் (அடித்தவர் பத்திரமாகத் தளத்தை எட்டுவது) ஆவதும் அவுட் ஆவதும் பந்து வீசும் பிட்சரின் கையில் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை என்று எழுதினார். அப்படியானால் எந்த மாதிரி அடியை பிட்சர் கொடுக்கிறார் என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும். லைன் டிரைவ் பத்தில் ஏறக்குறைய ஏழு ஹிட் ஆகிறது. கிரவுண்ட் பால் நான்கில் ஒன்றுதான். ஒரு முழு சீசன் ஆடும் ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) எதிராகச் சுமார் 500 பந்துகள் களத்துக்குள் அடிக்கப்படுகின்றன என்று வையுங்கள். அதில் பத்து பந்துக்கு ஒருவர் லைன் டிரைவ் என்றும் இன்னொருவர் ஃப்ளை பால் என்றும் பெயர் வைத்தால், எதிர்பார்க்கும் ஹிட் கணக்கே நான்கைந்து மாறிவிடும். ஆக, பெயர் வைப்பதில் வரும் சிறு கோணல் அந்த பிட்சரைப் பற்றிய தீர்ப்பு வரை போய்ச் சேர்கிறது.

முதலில் பைபேஸ்பால் என்ற பைதான் தொகுப்பு வழியாக மேஜர் லீக் பேஸ்பால் (எம்எல்பி) மைதானங்களில் ஒவ்வொரு அடியையும் அளக்கும் ஸ்டேட்கேஸ்ட் கருவியின் 2023 சீசன் தரவை இறக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கோணம், வேகம், தூரம் இருக்கும். கூடவே வகைக்கென்று தனி நெடுவரிசை ஒன்று. அந்த வகையை வைப்பது கருவி அல்ல, ஆட்டத்தைப் பார்த்துப் பதிவு செய்யும் மனிதர். எம்எல்பியின் சொல்விளக்கமோ எல்லைகளைத் தெளிவாக எண்ணில் தருகிறது: 10 டிகிரிக்குக் கீழ் கிரவுண்ட் பால், 10 முதல் 25 வரை லைன் டிரைவ், 25 முதல் 50 வரை ஃப்ளை பால், அதற்கு மேல் பாப் அப். இந்த எல்லைகளையும் மனிதர் வைத்த பெயர்களையும் ஒரே வரைபடத்தில் போட்டதும் சிக்கல் கண்முன்னே வந்தது. நடுப்பகுதிகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. 10-ஐயும் 25-ஐயும் சுற்றி இரண்டு பட்டைகளில் மட்டும் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று கலந்து கிடக்கின்றன.

கீழ்ப் பட்டை ஓரளவு வசப்பட்டது. அங்கே சிக்கல், கோணம் மட்டும் போதாது என்பதே. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் 9 டிகிரியில் ஒரு பந்து கிளம்புகிறது. வேகம் மணிக்கு 60 மைல் என்றால் காற்றுத் தடையையும் சேர்த்துப் போட்ட என் கணக்கில் சுமார் 85 அடியில் தரையைத் தொடுகிறது. உள்களக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு முன்பே. அதே 9 டிகிரி, ஆனால் 105 மைல் என்றால் ஏறத்தாழ 200 அடி. அவர்களைத் தாண்டி வெளிக்களப் புல்லில். முதலாவது யார் பார்த்தாலும் கிரவுண்ட் பால், இரண்டாவது யார் பார்த்தாலும் லைன் டிரைவ். அதனால் கோணத்தை விட்டுவிட்டு, பந்து முதலில் எங்கே தரையைத் தொடும் என்று கணக்கிட்டு அதை வைத்துப் பிரித்தேன். மனிதர் வைத்த பெயர்களோடு பொருத்தம் சட்டென்று கூடியது. பந்தின் பாதையை எழுத விரும்புவோருக்கு இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதனின் கணக்குத்தாள் நல்ல தொடக்கம். காற்றே இல்லையென்றால் 30 டிகிரியில் 100 மைல் வேகத்தில் போகும் பந்து 580 அடி போகும். உண்மையில் 400 அடியை ஒட்டித்தான் விழுகிறது. தடையைச் சேர்க்காத எந்தக் கணக்கும் இந்த வேலைக்கு உதவாது.

மேல் பட்டைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. லைன் டிரைவுக்கும் ஃப்ளை பாலுக்கும் நடுவே "தரையைத் தொட்டதா" போன்ற கேள்வி எதுவும் கிடையாது. இரண்டுமே காற்றில் போகின்றன, இரண்டுமே கேட்ச் ஆகலாம். விதிப்புத்தகத்தைப் புரட்டினால், காற்றில் உயரப் போவது ஃப்ளை பால் என்றும், தரையைத் தொடாமல் மட்டையிலிருந்து விரைவாகவும் நேராகவும் ஃபீல்டரிடம் போவது லைன் டிரைவ் என்றும் இருக்கிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு விரைவு என்று சொல்லப்படவில்லை. இத்தனைக்கும் இது ஆட்டத்துக்குள்ளேயே தேவைப்படும் பிரிவினை. உள்களத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய ஃப்ளை பாலுக்கு, சில சூழல்களில் பிடிக்கும் முன்பே அடித்தவரை அவுட் என்று அறிவிக்கும் இன்ஃபீல்ட் ஃப்ளை விதி லைன் டிரைவுக்குப் பொருந்தாது. அதனால் அம்பயர் ஓரிரு விநாடிக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது 25 டிகிரியில் இரண்டு பந்துகள். ஒன்று 100 மைல், இன்னொன்று 70 மைல். வேகமானது உச்சியில் 60 அடிக்குப் பக்கத்தில் ஏறுகிறது, மெதுவானது அதில் பாதி. உயரத்தைக் கேட்டால் மெதுவானதே லைன் டிரைவ். விரைவைக் கேட்டால் வேகமானதே லைன் டிரைவ். வரையறையின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன! மனிதர்கள் இதில் ஒத்துப்போகாமல் இருப்பது அவர்களுடைய கவனக்குறைவால் அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேஸ்பால் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம், வீடியோ பார்த்து வகைபிரிக்கும் தன் ஆட்களுக்காக ஃப்ளையையும் லைனரையும் (லைன் டிரைவின் இன்னொரு பெயர்) ஒட்டவைத்து 'ஃப்லைனர்' என்றே ஒரு வகையை வைத்திருந்தது. எனக்கு அது மிகவும் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

அடுத்து ஒரு சந்தேகம். இது புதிதல்ல, இந்தத் துறையில் பலரும் பேசியதுதான்: பந்து விழுந்து ஹிட் ஆனால் லைன் டிரைவ் என்றும், பிடிபட்டால் ஃப்ளை பால் என்றும் எழுதக் கை போகிறதா? கோணமும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள பந்துகளை எடுத்து, ஹிட் ஆனவை ஒரு பக்கம், பிடிபட்டவை மறுபக்கம் என்று பிரித்துப் பார்த்தேன். ஹிட் பக்கத்தில் லைன் டிரைவ் என்ற பெயர் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே கோணத்தில் கிளம்பினாலும் மேல்சுழற்சி உள்ள பந்து சீக்கிரம் தாழ்ந்து விழும், பின்சுழற்சி உள்ளது காற்றில் மிதந்து நிற்கும். தாழ்ந்து விழுந்தது உண்மையிலேயே அதிகம் லைன் டிரைவ் போன்றது, உண்மையிலேயே அதிகம் ஹிட் ஆகக்கூடியது. பெயர் முடிவைப் பார்த்து வந்ததா, பாதையைப் பார்த்து வந்ததா என்பதை இந்த இரண்டு எண்களால் பிரிக்கவே முடியாது.

அதனால் வீடியோவுக்குப் போனேன். பேஸ்பால் சேவன்ட் தளத்தில் ஒவ்வொரு பந்துக்கும் கிளிப் கிடைக்கிறது. மேல் பட்டையிலிருந்து சில கிளிப்புகளை எடுத்து, ஃபீல்டரின் கைக்குப் பந்து வருமுன்பே வெட்டி, என் மைத்துனனுக்கு அனுப்பினேன். ஹூஸ்டனில் இருப்பவன், அந்த ஊர் அணியான ஆஸ்ட்ரோஸின் ஆட்டம் ஒன்றையும் தவறவிட மாட்டான். முதல் நாளே கூப்பிட்டுவிட்டான். "மாமா, அவுட்ஃபீல்டர் எப்படி ஓடுறான்னு பாக்காம எப்படிச் சொல்றது? பந்த பாத்து இல்ல, அவன பாத்துதான் நான் சொல்லுவேன்." எனக்கு இது பெரிய திறப்பு. பார்வையாளர் பந்தின் பாதையை நேரடியாக அளப்பதில்லை. ஃபீல்டருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை அவன் ஓட்டத்திலிருந்து படிக்கிறார். ஃபீல்டர் நிதானமாக வந்து நின்றால் ஃப்ளை, பாய்ந்தால் லைனர். அப்படியென்றால் ஃபீல்டர் நின்ற இடமும் பெயருக்குள் நுழைந்துவிடுகிறது.

ஆக, அளக்க வேண்டியது பந்து அந்தரத்தில் இருந்த நேரம். நான் இறக்கிய கோப்பில் அது இல்லை. கிளிப்பில் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணத் தொடங்கியிருக்கிறேன். மட்டையில் படும் சத்தத்திலிருந்து பந்து தரையையோ கையுறையையோ தொடும்வரை. சென்டர்ஃபீல்ட் கேமராவிலிருந்து மேல் கேமராவுக்குக் காட்சி தாவினாலும் நேரலையில் காலம் தொடர்ச்சியாகத்தான் ஓடுகிறது, எண்ணிக்கை கெடுவதில்லை. பிடிபட்ட பந்துக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு வேண்டும். பிடிக்காமல் விட்டிருந்தால் எப்போது தரையைத் தொட்டிருக்கும் என்று பாதையை நீட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய சீசன்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டேட்கேஸ்ட் 2015-ல் எல்லா மைதானங்களுக்கும் வந்தபோது ரேடாரை நம்பியது. நேரே தரையில் குத்திய பந்தையும் செங்குத்தாக ஏறியதையும் ரேடார் அடிக்கடி தவறவிட்டது. 2020-ல் ஹாக்-ஐ கேமராக்கள் வந்தபின் நிலைமை மேம்பட்டது. தவறிய பந்துகளுக்கு அடியின் வகையையும் விளைவையும் பார்த்து உத்தேச எண் போட்டிருக்கிறார்கள். ஒரே கோணமும் ஒரே வேகமும் தசமம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது அப்படிப்பட்ட எண். மனிதர் வைத்த பெயரிலிருந்து பிறந்த கோணத்தை வைத்து அதே பெயரைக் கணிப்பது சுற்றிவந்து அதே இடத்தில் நிற்பதுதான். அந்த வரிகளை எல்லாம் நீக்கிவிட்டேன்.

அதற்கும் முந்தைய ஆட்டங்களுக்கு, பழைய ஆட்டப் பதிவுகளைத் தொகுத்துவைக்கும் ரெட்ரோஷீட்டின் கோப்புகளில் ஜி, எல், எஃப், பி (கிரவுண்ட், லைன், ஃப்ளை, பாப்) என்ற எழுத்துகள் மட்டுமே. அவையும் எல்லா அடிக்கும் இருக்காது. பதிவு செய்பவர்கள் உட்காரும் பத்திரிகையாளர் மாடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் அந்த மைதானத்தில் பதிவாகும் லைன் டிரைவ் விகிதத்துக்கும் தொடர்பு இருப்பதை பேஸ்பால் ஆய்வாளர் காலின் வயர்ஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார். மேலிருந்து பார்த்தால் பந்தின் வளைவு வேறு மாதிரி தெரியும் என்பது யோசித்தால் புரிகிறது.

இப்போதைக்கு நிரல் ஒரே பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் நான்கு வகைகளுக்கும் தனித்தனி வாய்ப்பு விகிதம் தருகிறது. பிட்சரின் கணக்கில் அந்த விகிதங்களையே கூட்டுகிறேன். பந்தைப் பாதியாக வெட்டுவதா என்று மைத்துனன் சண்டை போடுகிறான். அடுத்து டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கிளிப்புகளைத் தனியாக எண்ணப் போகிறேன். அங்கே கடல்மட்டத்திலிருந்து 5,200 அடி உயரம், காற்று மெல்லியது, சுழற்சியின் பிடியும் குறைவு. அதே கோணமும் வேகமும் அங்கே எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கின்றன என்பது கிடைத்தால்தான் என் எல்லைகளை மைதானத்துக்கு மைதானம் நகர்த்த வேண்டுமா என்று தெரியும்.